சென்னையில் முதல் ‘மூணு மாச சுகர்’ டெஸ்ட்: புதிதாக வந்தவர்களுக்கு

நீரிழிவுக்கு யாழ்ப்பாணத்தில் பெயர் சீனி வருத்தம், மலேசியாவில் இனிப்புநீர், சென்னையில் வெறும் ‘சுகர்’. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரை நிலவரத்தைக் காட்டும் சோதனையை லேப் கவுன்டரில் ‘மூணு மாச சுகர்’ என்றாலும் ‘எச்பிஏ1சி’ என்றாலும் புரிந்துகொள்வார்கள். ‘சுகர் டெஸ்ட்’ என்று மொட்டையாகச் சொன்னால், வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று என அன்றைய சர்க்கரைக்குத்தான் பில் போடுவார்கள். ஆகவே பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்.

எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்பதைவிட எப்போது எடுப்பது என்பதுதான் முக்கியம். இரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருக்கும். அத்தனை நாளும் இரத்தத்தில் ஓடும் சர்க்கரை, அதிலுள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டே போகும். அப்படி எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்பதே இந்த எண். இதில் கடைசி 30 நாளின் பங்கு சுமார் பாதி. அதற்கு முந்தைய மாதத்துக்குக் கால் பங்கு, அதற்கும் முந்தைய நாட்களுக்கு மீதி. வந்து இறங்கிய முதல் இரண்டு வாரத்தில் எடுத்தால் கிடைப்பது பழைய ஊரின் கணக்கு. அது வேண்டும், எடுத்துவிடுங்கள். அடுத்ததைச் சரியாக மூன்று மாதம் கழித்து எடுத்தால் அது பெரும்பாலும் சென்னைச் சாப்பாடும் சென்னை வாழ்க்கையும் காட்டும் எண். நடுவில் ஐந்தாவது ஆறாவது வாரத்தில் அவசரப்பட்டு எடுப்பது இரண்டு ஊரையும் கலந்த கூட்டு, அதை வைத்து மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கடினம். டாக்டர் கேட்டால் மட்டும் எடுங்கள்.

இதனால்தான் டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பு இனிப்பை நிறுத்துவது வீண் வேலை. அந்த எண் அசையாது. அசைகிற அளவுக்குப் பட்டினி கிடந்தால் ஆபத்து.

இந்தச் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. காபி குடித்துவிட்டு மதியம் மூன்று மணிக்குக்கூடப் போகலாம், மாத்திரைகளை வழக்கம்போல் போடலாம். ‘வெறும் வயித்துல வாங்க’ என்று லேபில் சொல்வது, கூடவே வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கும் பேக்கேஜுக்காக. அப்படிப் போவதானால் எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். பால் ஊற்றிய காபி, சர்க்கரை போடாவிட்டாலும், கணக்கில் உணவுதான். இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பத்து மணிவரை காத்திருப்பதுதான் பலருக்கும் நேரும் தவறு. கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இதில் சர்க்கரை இறங்கிவிடும். காலை மருந்தைச் சாப்பாட்டோடு, இரத்தம் கொடுத்த பிறகு எடுங்கள். வரிசையில் நிற்கும்போது நடுக்கம், வியர்வை, கண் மங்கல் வந்தால் டெஸ்டை மறந்துவிட்டு மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். டெஸ்டை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சாப்பிட்ட பின் எடுக்கும் சோதனைக்கு இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்த நிமிடத்திலிருந்து எண்ண வேண்டும். கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுவது தவறு. அன்று மட்டும் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு நல்ல பிள்ளை ஆகாதீர்கள். தினமும் சாப்பிடும் நான்கையே சாப்பிடுங்கள்.

வீட்டுக்கே வந்து எடுக்கிறவர் வந்தால் குழாய்களைக் கவனியுங்கள். எச்பிஏ1சிக்கு ஊதா மூடி, அன்றைய சர்க்கரைக்குச் சாம்பல் மூடி. ஊதாக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்க மருந்து இருக்கிறது. எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெல்லத் தலைகீழாகத் திருப்ப வேண்டும், குலுக்கக் கூடாது. திருப்பாமல் பையில் போட்டால் கட்டி விழுந்து, மறுபடியும் ஊசி. சாம்பல் குழாயில் ஃபுளோரைடு. அது இல்லாத குழாயில் இரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைத்துவிடும். சென்னை வெயிலில் பைக்கில் மூன்று வீடு சுற்றினால் உங்கள் சர்க்கரை ‘நன்றாக’ இருக்கும்! எச்பிஏ1சிக்கு இந்தத் தொல்லை இல்லை. பெயரும் வயதும் எழுதிய லேபிளை உங்கள் கண் முன்பே ஒட்டச் சொல்லுங்கள்.

இந்த எண் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. இரும்புச் சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் எண் நிஜத்தைவிடக் கூடுதலாக வரும். பி12 குறைந்தாலும் அப்படியே, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவதுண்டு. இரும்பு மாத்திரை தொடங்கிய பிறகு எடுத்தால் எண் இறங்கும், அதைச் சர்க்கரை கட்டுப்பட்டதாக எண்ணி மகிழாதீர்கள். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால், நிறைய இரத்தம் போயிருந்தால், சிறுநீரகக் கோளாறுக்கு, சிவப்பணுவைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் ஊசி போட்டால் குறைவாக வரக்கூடும். குடும்பத்தில் தலசீமியா போன்ற ஹீமோகுளோபின் மாற்றம் இருந்தால் முன்பே சொல்லுங்கள். அவர்களுக்கு ஃப்ரக்டோசமின் என்ற வேறு சோதனை உண்டு, அது கடந்த இரண்டு மூன்று வாரத்தைக் காட்டும். கர்ப்பிணிகள் இந்த எண்ணை நம்பியிருக்கக் கூடாது. இங்குள்ள அரசு மருத்துவமனைகளில் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள், 140 அல்லது அதற்கு மேல் போனால் கர்ப்பகாலச் சர்க்கரை.

இனி அளவு. லண்டனிலிருந்து வந்தவர் கையில் ‘58’ என்றொரு எண் இருக்கும், சென்னை ரிப்போர்ட்டில் ‘7.5’ என்று வரும். இரண்டும் ஒன்றே. அங்கே மில்லிமோல், இங்கே சதவீதம். பழைய எண்ணை 0.0915ஆல் பெருக்கி 2.15 கூட்டுங்கள். 48 என்றால் 6.5, 53 என்றால் 7. கனடா, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்கு எச்பிஏ1சி சதவீதத்திலேயே இருக்கும், அன்றாடச் சர்க்கரைதான் மில்லிமோலில். அதை 18ஆல் பெருக்கினால் இங்குள்ள மில்லிகிராம் கணக்கு, அதாவது 7.0 என்பது 126. குளுக்கோமீட்டரை அங்கிருந்து கொண்டுவந்திருந்தால், திரையில் எந்த அளவு காட்டுகிறது என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

5.7க்குக் கீழே இயல்பு, 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5லிருந்து நீரிழிவு. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு முறை 6.5 வந்ததை வைத்து முடிவு கட்ட மாட்டார்கள், இன்னொரு சோதனை வேண்டும். ரிப்போர்ட்டின் அடியில் ‘சராசரி குளுக்கோஸ்’ என்று ஒரு எண் இருக்கும். 7க்கு 154, 8க்கு 183. இது இரவு பகல் சேர்ந்த சராசரி. வெறும் வயிற்றுச் சர்க்கரை என்று நினைத்துப் பதறுகிறவர்கள் ஏராளம்.

எங்கே எடுப்பது? என்ஏபிஎல் (லேப்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப், எச்பிஎல்சி என்ற அளக்கும் முறை, இரண்டையும் கேளுங்கள். முகாமிலோ வீட்டு வாசலிலோ விரலில் குத்திப் பார்ப்பது பெரும்பாலும் அந்த நிமிடச் சர்க்கரை, இந்தச் சோதனை அல்ல. டாக்டரைத் தேட இந்த ஊரில் சிரமமில்லை. இராயபுரத்தில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1954இல் தொடங்கிய மருத்துவமனை நீரிழிவுக்கென்றே பெயர் பெற்றது. அரசு மருத்துவமனையானால் ஓ.பி. (வெளிநோயாளர்) சீட்டு போட்டு, டாக்டர் எழுதித் தந்த பிறகே லேபுக்குப் போக முடியும். காலை சீக்கிரம் போய்விடுங்கள்.

இரண்டாவது முறையும் அதே லேபுக்கே போங்கள். லேப் மாறினால் 7.1க்கும் 7.4க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் உடம்பில் இருக்கிறதா, மெஷினில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. பழைய ஊர் கிளினிக் கொப்பியையும் முதல் ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் வைத்துக் கொண்டுபோங்கள். மாத்திரை அட்டைகளையும் கூடவே எடுத்துப்போங்கள், அங்கே விற்ற பெயரில் இங்கே கிடைக்காமல் போகலாம்.