மேசை போனிலிருந்து டீம்ஸ் அழைப்புக்கு மாறுவது எப்படி? பல்கலைக்கழக அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேலை பார்க்கிறீர்கள் என்றால் இந்த மின்னஞ்சல் உங்களுக்கு வந்திருக்கும், இல்லையென்றால் சீக்கிரம் வரும்: ‘உங்கள் மேசை போனை எடுக்கப் போகிறோம். எண் மாறாது. இனி மைக்ரோசாஃப்டின் டீம்ஸ் செயலியில் பேசிக்கொள்ளுங்கள்.’ கூடவே யாரும் படிக்காத ஒரு நீண்ட வழிகாட்டியும் இணைப்பில் இருக்கும். எங்கள் துறை அலுவலகத்தில் இதை முதலில் மாற்றிப்பார்த்தது நான்தான். அதனால் மாடி முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. அப்படிச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் இடத்தில் ஜூம் போனோ வெபெக்ஸோ இருந்தால் பட்டன்களின் பெயர் மாறும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேசை போனின் எண் அந்த இடத்துக்குச் சொந்தம். அறையில் மணி அடிக்கும், யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் எடுப்பார். செயலியில் எண் ஆளுக்குச் சொந்தம். நீங்கள் போகும் இடமெல்லாம் கூடவே வரும். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இதனால்தான்.

படி 1: போனைத் தொடும் முன் ஒரு தாளை எடுங்கள்

போனில் ஒட்டியிருக்கும் எண், பக்கத்தில் இருக்கும் ஸ்பீடு டயல் பெயர்கள், நீங்கள் எடுக்காவிட்டால் அழைப்பு யாருக்குப் போகிறது, உங்கள் எண் வேறு யார் மேசையிலாவது சேர்ந்து அடிக்கிறதா என்பதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். பழைய வாய்ஸ்மெயிலில் தேவையானது ஏதாவது இருந்தால் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவை பெரும்பாலும் புதிய பெட்டிக்கு வராது.

அப்புறம் எழுந்து அறைகளை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சுவரில் போன் கம்பி போகும் இடத்தையெல்லாம் பாருங்கள். ஃபேக்ஸ் மெஷின், லிஃப்டுக்குள் இருக்கும் அவசர போன், தீயணைப்பு அலாரப் பெட்டி, நடைபாதையோரம் அவசர அழைப்புக்காக நிற்கும் நீல விளக்குக் கம்பம் ஆகியவை ஐடி பிரிவுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் போவது ஆய்வகத்து ஃப்ரீசர். மைனஸ் 80 டிகிரியில் மாதிரிகளை வைத்திருக்கும் ஃப்ரீசரின் பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று பழைய அனலாக் லைனில் மாட்டியிருக்கும். உள்ளே சூடு ஏறினால் அது தானாக டயல் செய்து ஆளை எழுப்பும். மாதக்கணக்கில் யாரையும் அழைத்திருக்காது என்பதால் ‘பயன்படாத லைன்’ பட்டியலில் அது சுலபமாக நுழைந்துவிடும். அழைக்காமல் இருப்பதுதான் அதற்கு நல்ல காலம் என்பது பட்டியல் போடுபவருக்குத் தெரியாதே. அப்படி எதையாவது பார்த்தால் லைன் எண்ணோடு ஐடிக்கு எழுதி, பதில் வரும்வரை விடாதீர்கள்.

படி 2: கம்பியைப் பாருங்கள்

இதில் நான் ஏமாந்தேன். பழைய போனைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அடுத்த நிமிடம் கணினியில் நெட் இல்லை. பல அலுவலகங்களில் சுவரிலிருந்து வரும் நெட்வொர்க் கம்பி முதலில் போனுக்குள் போய், போனின் பின்னாலிருந்து இன்னொரு கம்பி வழியாகக் கணினிக்கு வரும். போனைக் கழற்றினால் கணினியும் போச்சு. சுவர்க் கம்பியை நேராகக் கணினியில் செருகிப் பாருங்கள். வேலை செய்யாவிட்டால் அந்த போர்ட்டை ஐடிதான் மாற்றித் தர வேண்டும்.

படி 3: ஹெட்செட்

யூஎஸ்பி கம்பி வைத்த சாதாரண ஹெட்செட் போதும். புளூடூத் அழகாக இருக்கும், ஆனால் பாட்டு கேட்கும்போது இருக்கும் தெளிவு மைக்கைத் திறந்ததும் குறைந்துவிடும். லேப்டாப்பின் சொந்த மைக் வேண்டவே வேண்டாம். நீங்கள் தட்டச்சு செய்வது எதிர்முனையில் ஆலங்கட்டி மழை போல் கேட்கும்.

படி 4: உள்ளே நுழைந்து சோதியுங்கள்

டீம்ஸில் பல்கலைக்கழகக் கணக்கோடு நுழைந்து, இடதுபக்கம் ‘கால்ஸ்’ என்பதை அழுத்துங்கள். எண்கள் கொண்ட டயல்பேடும் உங்கள் எண்ணும் தெரிந்தால் சரி. டயல்பேடே இல்லையென்றால் உங்களுக்கு இன்னும் எண் ஒதுக்கவில்லை என்று அர்த்தம். செயலியைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பயனில்லை, ஐடிக்கு எழுதுங்கள்.

செட்டிங்ஸில் ‘டிவைசஸ்’ பகுதிக்குப் போய் ஸ்பீக்கர், மைக் இரண்டுக்கும் உங்கள் ஹெட்செட்டைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே உள்ள சோதனை அழைப்பைப் போடுங்கள். நீங்கள் பேசியது திரும்பக் கேட்கும். பிறகு உங்கள் செல்போனுக்கு ஒரு அழைப்பு போட்டு, எந்த எண் தெரிகிறது என்று பாருங்கள். சில துறைகளில் நேரடி எண்ணுக்குப் பதில் பல்கலைக்கழகத்தின் பொது எண் தெரியும். அது வேண்டாம் என்றால் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

வெளி எண்ணுக்கு முன்னால் 9 அழுத்தும் பழக்கத்தை இனி விட்டுவிடலாம். விரலுக்குப் பழக நாளாகும்.

படி 5: 911 முகவரி. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

அந்த 9-க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2013 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரில், ஒரு மோட்டல் அறையில் காரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டார். கூட இருந்த 9 வயது மகள் அறை போனில் நான்கு முறை அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911 அடித்தாள். வெளியே பேச முதலில் 9 அழுத்த வேண்டும் என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? ஒரு அழைப்பும் போகவில்லை. காரி இறந்துபோனார். அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு நிறுவப்படும் அலுவலக போன் அமைப்புகளில், முன்னால் எதுவும் அழுத்தாமலே 911 போக வேண்டும்.

அடுத்த கேள்வி, ஆம்புலன்ஸ் எங்கே வரும் என்பது. மேசை போன் எந்தக் கட்டடம், எந்த அறை என்று பதிவேட்டில் இருந்தது. செயலி இன்று நூலகத்தில், நாளை உங்கள் வீட்டுச் சமையலறையில். அழைப்போடு இருப்பிடமும் போக வேண்டும் என்ற, ரே பாம் என்ற இன்னொரு சட்டத்தின் விதி, இடம்விட்டு இடம் மாறும் சாதனங்களுக்கும் 2022 ஜனவரி 6 முதல் பொருந்துகிறது. வளாகத்துக்குள் நெட்வொர்க்கை வைத்துச் செயலி தானாகவே இடத்தைக் கண்டுபிடிக்கும்படி ஐடி அமைத்திருக்கலாம். வீட்டில் அந்த வசதி இல்லையென்றால் முகவரியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

‘கால்ஸ்’ பக்கத்திலேயே, டயல்பேடுக்கு அருகில், அவசர இருப்பிடம் என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தி, இப்போது இருக்கும் இடத்தின் முகவரியைச் சரிபாருங்கள். அபார்ட்மென்ட் எண்ணை விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் மீண்டும் ஒருமுறை பாருங்கள். சோதிப்பதற்காக 911 அடிக்க வேண்டாம். பல இடங்களில் 933 அடித்தால் பதிவாகியிருக்கும் முகவரியை ஒரு பதிவுக் குரல் வாசித்துக் காட்டும். உங்கள் இடத்தில் அது உண்டா என்று ஐடியிடம் கேளுங்கள்.

கையில் செல்போன் இருந்தால் 911-க்கு அதையே எடுங்கள் என்பது என் கருத்து. மின்சாரம் போனால் வைஃபையும் போகும். அப்போது லேப்டாப்பில் இருக்கும் செயலியால் ஒன்றும் ஆகாது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம்மவர்களுக்கு இன்னொன்று: மதுரையில் உட்கார்ந்துகொண்டு செயலியில் 911 அடிப்பதால் உதவி வராது. அங்கே 112, அதுவும் உள்ளூர் போனிலிருந்து.

படி 6: வாய்ஸ்மெயில்

செட்டிங்ஸில் ‘கால்ஸ்’ பகுதியில் வாய்ஸ்மெயில் அமைப்பு இருக்கிறது. உங்கள் குரலில் ஒரு வாழ்த்தைப் பதியுங்கள். கூச்சமாக இருந்தால் வாசகத்தைத் தட்டச்சு செய்தால் இயந்திரமே வாசிக்கும். எத்தனை நொடி அடித்த பிறகு வாய்ஸ்மெயிலுக்குப் போக வேண்டும் என்பதையும் அங்கேயே கூட்டிக்கொள்ளுங்கள். ஹெட்செட்டைத் தேடி மாட்டவே நேரம் ஆகும்.

போனில் மினுக்கும் சிவப்பு விளக்கு இனி இல்லை. செய்தி மின்னஞ்சலாக வரும், பேசியதை எழுத்தாக்கியும் தரும். நம் பெயர்களை அந்த எழுத்தாக்கம் படுத்தும் பாட்டைத் தனிப் பதிவாகவே எழுதலாம். பெயரும் எண்ணும் வேண்டுமென்றால் ஒலியைக் கேளுங்கள்.

படி 7: அழைப்பை மாற்றிவிடுவது

பேசிக்கொண்டிருக்கும்போது ‘டிரான்ஸ்ஃபர்’ அழுத்தினால் இரண்டு வழிகள் தெரியும். ஒன்று, நேராகத் தள்ளிவிடுவது. இன்னொன்று, முதலில் அந்த ஆளிடம் கேட்டுவிட்டு மாற்றுவது. எப்போதும் இரண்டாவதையே பயன்படுத்துங்கள். ஒரு பெற்றோரின் அழைப்பை நான் நேராகப் பேராசிரியர் ஒருவருக்குத் தள்ளிவிட்டேன். அவருடைய லேப்டாப் அப்போது வகுப்பறை ஸ்பீக்கரோடு இணைந்திருந்தது. மொத்த வகுப்புக்கும் மணி அடித்தது. பாடம் நடத்துபவர்கள் வகுப்புக்குள் நுழைந்ததும் நிலையைத் ‘தொந்தரவு செய்யாதே’ என்று மாற்றிவிட்டால் அழைப்பு நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும்.

வங்கிக்கோ காப்பீட்டுக்கோ அழைத்து ‘1 அழுத்தவும்’ என்று கேட்டால், அழைப்புத் திரையிலேயே டயல்பேடைத் திறந்து அழுத்துங்கள். கீபோர்டில் தட்டிவிட்டு ஏன் நகரவில்லை என்று காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 8: துறையின் பொது எண்

சேர்க்கை விசாரணைக்கு என்று ஒரு எண் இருக்கும். மேசையில் அடிக்கும், யாராவது எடுப்பார்கள். அதை ஒருவருடைய பெயரில் மாற்றிவிட்டால் அவர் விடுப்பு எடுத்த நாளில் துறையே ஊமை. அந்த எண்ணை ‘கால் க்யூ’வாக அமைத்துத் தரச் சொல்லுங்கள். நாலைந்து பேரைச் சேர்த்தால் எல்லோருக்கும் அடிக்கும், முதலில் எடுப்பவர் பேசலாம். யாரும் எடுக்காவிட்டால் எங்கே போக வேண்டும், மாலை 5 மணிக்குப் பிறகு என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள். படி 1-ல் எழுதிய தாள் இங்கேதான் உதவும்.

படி 9: செல்போனில் போடலாமா?

போடலாம், கட்டாயமில்லை. சொந்த எண் வெளியே தெரியாது, அலுவலக எண்தான் தெரியும். ஒரு மணி நேரம் பேசினாலும் டேட்டா 100 எம்பிக்குள் அடங்கிவிடும். ஆனால் போட்டால் வேலை முடிந்த பிறகும் மணி அடிக்கும். செல்போன் செயலியின் அறிவிப்பு அமைப்பில் அமைதி நேரத்தைக் குறித்துவிட்டு, அந்த நேரத்தில் சக ஊழியர் ஒருவரை அழைக்கச் சொல்லிச் சோதியுங்கள். கோடையில் நியூயார்க்கில் பிற்பகல் 3 மணி என்றால் சென்னையில் நள்ளிரவு 12.30. தாத்தா பாட்டி தூங்கும் வீட்டில் அது அடித்தால் விளக்கம் சொல்வது கஷ்டம்.

படி 10: போனைத் திருப்பிக் கொடுப்பது

ஒரு வாரம் இரண்டையும் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கொடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் கொடுக்க வேண்டியதில்லை. வரவேற்பு மேசைக்கும் கருத்தரங்க அறைக்கும் ஆள் பெயர் இல்லாத பொது போன் கேட்டால் தருவார்கள். எங்கள் வேதியியல் ஆய்வகத்துச் சுவர் போனை நாங்கள் விடவில்லை. அமிலம் சிந்திய நேரத்தில், கையுறை போட்ட கையோடு, யாரும் சட்டைப்பைக்குள் செல்போனைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதில் 911 அடித்தால் அறை எண்ணும் கூடவே போகும்.