ஆட்குறைப்புப் பேச்சு வந்தால் செய்யக்கூடாதவை

ஓவர்டைம் நின்று, இரண்டு தையல் லைன் ஒன்றாகி, ஓடர் இல்லை என்ற பேச்சு கன்டீனில் அடிபடத் தொடங்கினால் பக்டரியில் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிடும். திட்டக் காலம் முடியப்போகும் தொண்டு நிறுவனத்திலும் இதே கதைதான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இது புதிதுமல்ல. வாழைச்சேனைக் கடதாசி ஆலையை நம்பியிருந்த குடும்பங்கள் அறியாததா?

பெரிய தவறு நடப்பது, நிர்வாகம் நீட்டும் இராஜினாமாக் கடிதத்தில். "நீங்களாக எழுதித் தந்தால் நல்ல சேர்டிபிகட் தருவோம், காசும் கெதியாக வரும்" என்பார்கள். நல்ல மனிதர் சொல்கிறாரே என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அந்தக் கடிதத்துக்கு அவர்கள் ஏன் அவசரப்படுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. வேலை நீக்கம் பற்றிய இலங்கையின் 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த இரண்டே வழிதான். ஒன்று அவருடைய எழுத்து மூலச் சம்மதம், மற்றது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி. முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்திருந்தாலே இந்தப் பாதுகாப்பு உண்டு. அனுமதி வழியில் போனால் நட்டஈடு கணக்கிட வேண்டும்: முதல் 5 வருடத்துக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், அதற்கு மேல் 14 வருடம் வரை வருடமொன்றுக்கு 2 மாதச் சம்பளம். 40,000 ரூபாய் சம்பளத்தில் 6 வருடம் தைத்த ஒரு பிள்ளைக்கு அது 580,000 ரூபாய். தானாக விலகினால் அவளுக்குச் சேவைக் காலத்துக்காகத் தரும் பணிக்கொடை மட்டும்தான், 120,000. ஒரு கையெழுத்து எவ்வளவு பெறுமதி என்று பாருங்கள்.

சுயவிருப்பில் விலகுவோருக்கு என்று ஒரு தொகை பேசினால் அதை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோபத்தில் வேலைக்குப் போகாமல் நிற்பதும் பிழை. வேலையைக் கைவிட்டார் என்று எழுதிவிட அது நல்ல சாட்டு. சட்டத்துக்கு மாறாக நிறுத்திவிட்டால் 6 மாதத்துக்குள் தொழில் திணைக்களத்தில் முறையிட வேண்டும். "பார்ப்போம், கூப்பிடுவார்கள்" என்று இருந்தே பலர் அந்தக் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள்.

அடுத்தது ஈ.பி.எப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி. வேலை போனதும் அந்தக் காசு கைக்கு வரும் என்று கடன்காரருக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். பொதுவாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில்தான் அதை எடுக்கலாம். வேலையை விட்டதும் கேட்கக்கூடியது ஈ.ரி.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதி; அதையும் 5 வருடத்துக்கு ஒரு தடவைதான். பணிக்கொடைக்கு 5 வருடச் சேவை வேண்டும், வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும். வேலையில் இருக்கும்போதே சம்பளத் துண்டுகளைச் சேர்த்து வைத்து, உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் உண்மையில் ஈ.பி.எப்.பில் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். கேட்டில் பூட்டு விழுந்த பிறகு அதைத் தேடித் திரிவது பெரும்பாடு.

கடன் விஷயத்தில் எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்று எனக்குப் பிடிப்பதில்லை. யார் வாசலில் வந்து சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கட்டுவது. குழுவாகச் சேர்ந்து, கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன் எடுத்தவரின் படலையடியில் ஆள் நிற்பார், குழுவில் உள்ள அயலவர்களும் முகம் சுளிப்பார்கள், அந்த மானத்துக்காக நகையை அடகு வைத்துக் கட்டுகிறோம். பிறகு ஒரு நுண்கடனை அடைக்க இன்னொரு நுண்கடன். வட்டி மட்டும் வளரும். வேலை இருக்கும் காலத்தில் புதுக் கடனை நிறுத்துங்கள், வெளிநாட்டு ஏஜென்சிக்குக் கட்ட எடுக்கும் கடனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பலர் சேர்ந்து காசு போட்டு, கழிவு விட்டுக் கேட்பவர் எடுக்கும் கழிவுச் சீட்டை முந்தி எடுப்பதும் கடன்தான், மிச்சத் தவணை நிற்காது.

லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிளோ ஆட்டோவோ இருந்தால், ஒரு தவணை பிந்துவதற்கு முன்பே கிளைக்குப் போய்த் தவணையைக் குறைத்து நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். போனை எடுக்காமல் இருந்தால் வாகனத்தைத் தூக்கிவிடுவார்கள். ஏலத்தில் போன விலை போதாவிட்டால் மிச்சத்தையும் கேட்பார்கள். பெரும்போகத்துக்கு வாங்கிய வயல் கடனுக்கு அறுவடை வரை தவணை பேசலாம். சம்பளத்தை நம்பி மாதத் தவணை பேசியிருந்தால் அதை இப்போதே மாற்றுங்கள். வங்கியோ பினான்ஸ் கம்பனியோ முறைகேடாக நடந்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்தில் முறையிடலாம். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் வரையான நுண்கடன் தள்ளுபடியானது உண்மைதான். இனியும் அப்படி ஒன்று வரும் என்று தவணையை விட்டுவிட்டு இருப்பது சூதாட்டம்.

வேலையிழந்தோருக்கு மாதாமாதம் கொடுப்பனவு தரும் திட்டம் இலங்கையில் இல்லை. இருப்பது அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு. அது குடும்பத்தின் நிலையைப் பார்த்துக் கொடுப்பது, வேலை போன மறுநாள் கிடைப்பதல்ல. விண்ணப்பம் கோரும் காலத்தைக் கிராம சேவகரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு வையுங்கள். வேலை நிறுத்தப்பட்ட கடிதத்தின் பிரதியொன்றும் கையில் இருக்கட்டும்.