பின்னால் தெரிவதெல்லாம் தடயமா? அறிவியல் புனைவுத் தொடர்களைத் துருவிப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் புனைவுத் தொடர் பார்க்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் கதையைப் பார்க்கும். மற்றது படத்தை நிறுத்திவிட்டு, கதாநாயகனுக்குப் பின்னால் சுவரில் தொங்கும் மணிக்கூட்டைப் பார்க்கும். இந்த இரண்டாவது ரகத்துக்கு மட்டக்களப்பில் குறைவில்லை. பின்னேரம் கல்லடிக் கடற்கரைக்குப் போனால், வந்தாறுமூலைக் கம்பஸ் பெடியன்கள் ஒரு போனைச் சுற்றிக் குந்தியிருந்து, "இஞ்ச பார் மச்சான், போன சீனில கிளாஸ் பாதி, இதில நிறைய" என்று வாதாடுவதைக் கேட்கலாம். கூத்துக் களரியைச் சுற்றியிருந்து, ஆட்டக்காரர் ஒரு வரியை விட்டாலும் அந்த இடத்திலேயே பிடித்துவிடும் பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா, கண் நல்ல கண். கண்டதற்கு அர்த்தம் சொல்லும்போதுதான் சறுக்குகிறார்கள். அந்தப் படம் எப்படித் தயாராகித் திரைக்கு வந்தது என்று யோசிக்காததுதான் பெரும்பாலும் காரணம்.

அந்தக் கிளாஸையே எடுப்போம். ஒரு காட்சியைப் பல தடவை, பல கோணங்களில் எடுத்துத் துண்டு துண்டாக ஒட்டுகிறார்கள். எது எங்கே இருந்தது என்று குறித்துவைக்கவே செட்டில் ஒருவர் இருப்பார். அப்படியிருந்தும், நடிப்பு நன்றாக அமைந்த துண்டில் தண்ணீர் கூடுதலாக இருந்தால் எடிட்டர் தெரிந்துகொண்டே அதை எடுப்பார். ஏறி இறங்கும் தண்ணீரும் இடம் மாறும் தலைமயிரும் காலப்பயணத்துக்கு ஆதாரமாகா. அதில் மினக்கெட வேண்டாம்.

பென் டிரைவில் கைமாறி வந்த பிரதியை வைத்து ஆராய்ச்சி செய்வது அடுத்த தவறு. வீடியோக் கோப்பைச் சுருக்கும்போது இருட்டான இடங்கள் கட்டம் கட்டமாகக் கலங்கிப்போகும். அந்தக் கலங்கலில் முகமும் தெரியும், பேயும் தெரியும். போன் திரை நிறைய வேண்டும் என்று படத்தைப் பெருப்பித்தால் ஓரங்கள் வெட்டுப்படும். நீங்கள் தேடுவது அந்த ஓரத்தில்தான் இருந்திருக்கும்.

சரி, பிரதி நல்லதுதான். ஆனால் எந்தப் பிரதி? 2020 நவம்பரில் வெளியான 'த மண்டலோரியன்' என்ற விண்வெளித் தொடரின் அத்தியாயம் ஒன்றில், சண்டைக் காட்சியின் ஓரத்தில் ஜீன்ஸும் டீ சேர்ட்டும் போட்ட ஒருவர் நின்றார். படப்பிடிப்புக் குழுவின் ஆள். எல்லோரும் சிரித்து முடிக்க, டிஸ்னி அவரைச் சத்தமில்லாமல் படத்திலிருந்து அழித்துவிட்டது. இப்போது அதைப் போட்டு ஒருவருக்குக் காட்டினால் நீங்கள்தான் பொய்யர். அதனால் எதையாவது கண்டால் அத்தியாயம், நிமிடம், எங்கே பார்த்தது, எப்போது பார்த்தது, நாலையும் குறித்துவையுங்கள்.

மறுபக்கமும் நடக்கும். 1987இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' அந்தக் காலத்து டீவியில் மங்கலாகவே தெரிந்தது. பிலிமில் எடுத்திருந்தபடியால் 2012 முதல் அதைத் தெளிவாக்கி புளூ ரேயில் வெளியிட்டார்கள். கதை நடக்கும் விண்கப்பலின் சுவர்ப் பலகைகளில் இருந்த எழுத்துகளும் குறிகளும் அப்போதுதான் ஒழுங்காகத் தெரிந்தன. பலகைகளை வடிவமைத்தவர் மைக்கல் ஒக்குடா. கப்பலின் பெரிய குறுக்குவெட்டு வரைபடத்துக்குள் அவருடைய குழு ஒரு வாத்தையும் ஒரு எலியையும் ஒரு ரேஸ் காரையும் ஒளித்துவைத்திருந்தது. டீவியில் யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் வைத்த பகிடி. கப்பலில் வாத்து வளர்க்கிறார்களா என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் பக்கத்துப் பலகையில் கிடக்கும் எண்ணை எடுத்துக் கப்பலின் வரலாற்றையே கணக்குப் போடுகிறோம்.

அதே தொடரில் 47 என்ற எண் அடிக்கடி தலைகாட்டும். எழுத்தாளர்களில் ஒருவரான ஜோ மெனோஸ்கி படித்த பொமோனா கல்லூரியில் 47 பற்றி ஒரு பழைய பகிடி உண்டு. அவர் அதைக் கொண்டுவந்தார், மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். 47ஐத் தேடத் தொடங்கினால் கல்முனை பஸ் டிக்கெட்டிலும் அது தெரியும்.

ஒளிபரப்பான வரிசையையும் அப்படியே நம்பக் கூடாது. 2002இல் பொக்ஸ் தொலைக்காட்சி 'ஃபயர்ஃப்ளை' தொடரின் தொடக்க அத்தியாயத்தை டிசம்பரில், கடைசியாகப் போட்டது. அந்த வரிசையில் பார்த்துவிட்டுப் பாத்திரங்களில் முரண் கண்டுபிடித்தால் பிழை கதையில் இல்லை.

இனித்தான் கஷ்டமான இடம். எது மறதி, எது திட்டம்? 2010 மே 1இல் வந்த 'டொக்டர் ஹூ' அத்தியாயத்தில், காலப்பயணம் செய்யும் நாயகனான டொக்டர், தான் போட்டிருந்த கோட்டைக் கல் தேவதைகள் பிடித்துக்கொள்ள, அதைக் கழற்றி அவர்களிடமே விட்டுவிட்டுத் தப்புகிறார். அதன்பின் சேர்ட்டோடுதான் திரிகிறார். கண்ணைத் திறக்கவே கூடாத நிலையில் காட்டில் இருக்கிறாள் அவருடைய கூட்டாளி ஏமி. அவளை விட்டுப் போன டொக்டர் உடனே திரும்பி வந்து, ஏழு வயதில் உனக்குச் சொன்னதை ஞாபகப்படுத்து என்று கெஞ்சுகிறார். படத்தை நிறுத்தினால் அவர் கோட்டுப் போட்டிருப்பது தெரிகிறது. செட்டில் கவனமில்லை என்று அப்போது பலர் முடிவு கட்டினார்கள். ஜூன் 26இல் வந்த, அந்தப் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில்தான், அங்கே வந்தது பிற்காலத்து டொக்டர் என்று தெரிந்தது.

இதற்கு நேரெதிர், 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்'. வில் என்ற பையன் பிறந்தது மார்ச் 22 என்று இரண்டாம் பருவம் சொல்கிறது. 2022இல் வந்த நாலாம் பருவத்தில் 1986 மார்ச் 22 வருகிறது. தாயோ கூட்டாளிகளோ ஒருவரும் வாழ்த்தவில்லை. எத்தனையோ கோட்பாடுகள் பிறந்தன. தாங்கள் மறந்துபோனதாகப் படைப்பாளர்களே சொல்லிவிட்டார்கள்.

இரண்டையும் முன்கூட்டியே பிரித்தறிய என் வழி இது: அந்தக் காட்சியில் வேறு ஏதும் இடறுகிறதா என்று பார்ப்பேன். கோட்டுக் காட்சியில் டொக்டரின் குரல் மாறியிருந்தது; ஏழு வயதில் என்ன சொன்னார் என்பதும் விளக்கப்படாமலே கிடந்தது. மூன்று விஷயம் ஒரே இடத்தில் இடறினால் யாரோ வேண்டுமென்று வைத்திருக்கிறார்கள். பிறந்தநாள் விஷயத்தில் அது ஒன்றுதான், பக்கபலம் எதுவுமில்லை.

எல்லா முரணையும் ஒட்டவைத்தே தீரவேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். பழைய 'டொக்டர் ஹூ'வில் யூனிட் என்ற படைப்பிரிவின் கதைகள் எந்த ஆண்டில் நடந்தன? 1975இல் வந்த கதையில், யூனிட் காலத்தில் டொக்டரோடு திரிந்த சாரா, தான் 1980இலிருந்து வந்ததாகச் சொல்கிறாள். 1983இல் வந்த கதையிலோ, யூனிட்டை நடத்திய பிரிகேடியர் 1977இலேயே ஓய்வுபெற்றுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். வேறு வேறு காலத்தில் வேறு வேறு ஆட்கள் எழுதியது, பொருந்தாது. 2008இல் அந்தத் தொடரே இதைப் பகிடி பண்ணியது: தான் அங்கே வேலை செய்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று டொக்டருக்கே நிச்சயமில்லை. ஆண்டைத் தீர்த்துவைக்க அட்டவணை போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விடை வராது, பழைய அத்தியாயங்களை ஒருக்கா திரும்பப் பார்க்க அது நல்ல சாட்டு.