கேபின் அழுத்தம் குறையும்போது சிறு விமானத்தில் செய்யக்கூடாத தவறுகள்

கேபின் அழுத்தம் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், 'டமார்' என்ற சத்தமும் காற்றில் பறக்கும் காகிதங்களும்தான் பலருக்கும் மனதில் வரும். அப்படி நடந்தால்கூட ஒரு விதத்தில் பரவாயில்லை, ஏதோ ஆகிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். நான் அதிகம் பயப்படுவது சத்தமில்லாத கசிவுக்குத்தான். கதவைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்திருக்கலாம், இல்லையென்றால் இன்ஜினிலிருந்து கேபினுக்கு வரும் காற்று நின்றுபோயிருக்கலாம். விமானம் 28,000 அடியில் அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும். வெளியே காற்று மெலிந்திருப்பதால், கேபினுக்குள் தாழ்ந்த உயரத்தில் இருக்கும் அளவுக்குக் காற்றழுத்தம் வைத்திருப்பார்கள். அந்த அழுத்தம் மட்டும் 8,000 அடிக்கு உரியதிலிருந்து 10,000, 12,000 அடிக்கு உரியதாக மெல்ல மாறிக்கொண்டே போகும். காது லேசாக அடைப்பதோடு சரி, வேறு எதுவும் தெரியாமல் போகலாம்.

காரணத்தை முதலில் தேடுவது

எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் ஏன் எரிகிறது என்று பார்ப்பதுதான் எந்த நல்ல பைலட்டுக்கும் பழக்கம். சுவிட்சைப் பார்ப்பார், செக்லிஸ்ட்டைப் புரட்டுவார். வேறு எந்தக் கோளாறுக்கும் இது சரியான வழிதான். இங்கே மட்டும் தவறு. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய மூளைக்கே ஆக்சிஜன் குறைந்துகொண்டிருக்கிறது.

ஆக்சிஜன் மாஸ்க் இல்லாமல் தெளிவாகச் செயல்பட எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதற்குப் பயிற்சியில் சொல்லித்தரும் தோராயக் கணக்கு இது: 18,000 அடியில் 20 முதல் 30 நிமிடம், 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடம், 30,000 அடியில் ஒன்று அல்லது இரண்டு நிமிடம், 35,000 அடியில் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். அழுத்தம் திடீரென்று போனால் இதிலும் பாதி வரை குறையலாம். நினைவு தப்புவதற்கு வெகு முன்பே இந்த நேரம் தீர்ந்துவிடும். கண் திறந்திருக்கும், பேச்சும் வரும், ஆனால் மாஸ்க்கை எடுத்து மாட்டத் தோன்றாது.

2014 செப்டம்பர் 5 அன்று அமெரிக்காவின் ரோச்செஸ்டரிலிருந்து ஃப்ளோரிடாவுக்குப் புறப்பட்ட டிபிஎம் 900 விமானத்தில் இதுதான் நடந்தது. டர்பைன் இன்ஜினால் ப்ரொப்பெல்லர் சுழலும் ஒற்றை இன்ஜின் விமானம் (டர்போப்ராப்), உள்ளே இரண்டே பேர். 28,000 அடியில், விமானத்தில் ஏதோ ஒன்று சரியில்லாமல் காட்டுகிறது, கீழே இறங்க வேண்டும் என்று பைலட் கட்டுப்பாட்டாளரிடம் கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து பதில் வருவது நின்றது. ஆட்டோபைலட் மட்டும் விமானத்தை ஓட்டிக்கொண்டே போக, பல மணி நேரம் கழித்து எரிபொருள் தீர்ந்து ஜமைக்காவுக்கு அருகே கடலில் விழுந்தது. விசாரணை அறிக்கை கேபின் அழுத்த அமைப்பின் வடிவமைப்போடு செக்லிஸ்ட்டையும் சேர்த்தே குறை சொன்னது. பைலட்டைப் பாதுகாப்பதற்கு முன்னால் கோளாறைத் தேடச் சொல்லும் விதத்தில் அந்தச் செக்லிஸ்ட் அமைந்திருந்தது.

அதனால் வரிசை இதுதான்: மாஸ்க், இறக்கம், தகவல், அப்புறம்தான் காரணம். அலாரம் பொய்யாக அடித்திருந்தால்கூட மாஸ்க்கை மாட்டியதில் நஷ்டம் எதுவும் இல்லை.

எந்த அலாரம் எதற்கு என்று தெரியாமல் இருப்பதும் இதே தவறின் இன்னொரு முகம். 2005-ல் கிரீஸில் விழுந்து 121 பேர் இறந்த ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் 737 பெரிய விமானம்தான். அங்கேயும் கேபின் எச்சரிக்கை ஒலியை, அதே ஒலியில் தரையில் வரும் டேக்-ஆஃப் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள்.

'நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று நம்புவது

ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டும் என்று நினைக்கிறோம். பலருக்கு முட்டாது. நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் கரியமில வாயு உடலில் சேர்வதால்தான். உயரத்தில் அது வழக்கம்போல வெளியேறிக்கொண்டே இருக்கும், அதனால் உடல் அலாரம் அடிக்காது. போதாததற்கு, பலருக்கு ஒரு இதமான மிதப்பு வரும்.

2008-ல் லியர்ஜெட் என்ற சிறு ஜெட் விமானம் ஒன்றிலிருந்து அமெரிக்காவின் க்ளீவ்லண்ட் கட்டுப்பாட்டு மையத்துக்கு வந்த பேச்சின் பதிவு பயிற்சி வகுப்புகளில் இன்றும் போடப்படுகிறது. உயரத்தையும், வேகத்தையும், திசையையும் கட்டுப்படுத்த முடியவில்லை, மற்றபடி எல்லாம் நலம் என்று அந்த பைலட் இழுத்து இழுத்துச் சொல்கிறார். குரலின் குழறலை வைத்தே கட்டுப்பாட்டாளர்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டு, இறங்கு, இறங்கு என்று விடாமல் சொல்லிக் கீழே கொண்டுவந்தார்கள். கீழே வர வரக் குரல் தெளிந்தது, விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. சிறு விமானம் ஓட்டும் ஒவ்வொருவரும் அந்தப் பதிவை ஒரு தடவையாவது கேட்க வேண்டும்.

உங்கள் உணர்வை நம்பாதீர்கள், கருவியை நம்புங்கள். கேபின் உயரம், அதாவது உள்ளே இருக்கும் அழுத்தம் எந்த உயரத்துக்கு உரியது என்று காட்டும் முள்ளை எரிபொருள் அளவைப் பார்ப்பது போல அடிக்கடி பாருங்கள். ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கூடவே இருக்கட்டும். ஒருவருக்குத் தலைவலி, இன்னொருவருக்கு விரல் நுனியில் குறுகுறுப்பு, மற்றொருவருக்கு நிறங்கள் மங்குவது என்று அறிகுறி ஆளுக்கு ஆள் மாறும். உங்களுடையது எது என்பதை உயரத்தில் இருப்பது போல ஆக்சிஜனைக் குறைத்துக் காட்டும் உயர அறைப் பயிற்சியில் தெரிந்துகொள்வது நல்லது.

தயங்கித் தயங்கிக் கேட்பது

'கொஞ்சம் இறங்க அனுமதி கிடைக்குமா' என்று கேட்டால், கட்டுப்பாட்டாளர் அதை வழக்கமான கோரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்வார். கீழே வேறு விமானம் இருந்தால் காத்திருக்கச் சொல்வார். டிபிஎம் பைலட் 18,000 அடிக்கு இறங்கக் கேட்டார், முதலில் கிடைத்தது 25,000. அவசரநிலையா என்று கேட்டபோது இன்னும் இல்லை என்றார். அப்புறம் 20,000-க்கு அனுமதி வந்தபோது பதில் சொன்னாரே தவிர, விமானம் இறங்கவில்லை.

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு இறங்க ஆரம்பியுங்கள். உயிராபத்தை அறிவிக்கும் 'மேடே' என்ற சொல்லை மூன்று முறை சொல்லுங்கள், அவசரமாக இறங்குகிறேன் என்று சொல்லுங்கள், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசரநிலைக் குறியீடான 7700 போடுங்கள். அவசரத்தில் தேவையான அளவுக்கு விதியை மீறும் அதிகாரம் பைலட்டுக்கு உண்டு. பிறகு விளக்கம் எழுதித் தர வேண்டியிருக்குமே என்ற கவலையில் யாரும் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இறங்கும்போது

சிலர் இன்ஜின் சட்டென்று குளிர்ந்துவிடுமே என்று பவரைக் குறைக்கத் தயங்கி மெதுவாக இறங்குகிறார்கள். இன்ஜினைப் பற்றி யோசிக்கும் நேரம் அதுவல்ல. உங்கள் விமானத்தின் கையேட்டில் உள்ள முறைதான் இறுதி. பொதுவாகப் பவரை முழுதாகக் குறைத்து, 30 முதல் 45 டிகிரி சாய்த்துத் திருப்பி, பாதையை விட்டு விலகி இறங்குவார்கள். சக்கரத்தை இறக்குவதானால் அதற்குரிய வேக வரம்புக்குள் வந்த பிறகே இறக்க வேண்டும்.

ஜன்னலோ கதவோ உடைந்து அழுத்தம் போயிருந்தால் கணக்கு வேறு. விமானத்தின் உடலே பழுதாகியிருக்கலாம் என்பதால் வேகத்தைக் கூட்டாமல் இறங்க வேண்டும். கேபினில் பனிமூட்டம் போலச் சூழ்ந்தால் அதைப் புகை என்று நினைத்துத் தீயணைக்கப் போகாதீர்கள், அழுத்தம் சட்டென்று விழும்போது ஈரக்காற்று அப்படித்தான் ஆகும். அந்த நேரம் மூச்சை அடக்கவும் கூடாது, நுரையீரல் கிழியும் அபாயம் உண்டு.

இலக்கு 10,000 அடி. மலைப்பகுதி என்றால் அங்குள்ள பாதுகாப்பான உயரத்தில் நின்று, மாஸ்க்கோடு சமவெளிப் பக்கம் போய்விட்டு மேலும் இறங்கலாம்.

தரையிலேயே தொடங்கும் தவறுகள்

ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வு மூடியிருந்தாலும், குழாயில் தங்கிய வாயு மாஸ்க்கில் ஒன்றிரண்டு மூச்சுக்கு வரக்கூடும். ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு 'வருகிறது' என்று வைத்துவிட்டால் ஏமாந்துபோவீர்கள். நாலைந்து மூச்சு இழுங்கள், அழுத்தமானியின் முள் விழாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

கண்ணாடியும் ஹெட்செட்டும் போட்ட நிலையில், தரையில் நிற்கும்போதே மாஸ்க்கை மாட்டிப் பழகுங்கள். தொப்பி, ஹெட்செட் பட்டை, கண்ணாடிக் காம்பு என்று எது சிக்கும் என்பது அப்போதுதான் தெரியும். மாட்டியதும் மைக் சுவிட்சை மாஸ்க்குக்கு மாற்ற மறந்தால் நீங்கள் சொல்லும் 'மேடே' யாருக்கும் கேட்காது. அடர்ந்த தாடி இருந்தால் மாஸ்க் ஒட்டாது. எண்ணெய்ப் பசையுள்ள உதட்டுக் களிம்பு ஆக்சிஜனோடு சேர்ந்தால் தீப்பிடிக்கலாம்.

பயணிகளுக்கும் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்: மாஸ்க்கில் தொங்கும் பை உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வந்துகொண்டுதான் இருக்கும், பைலட் தன் மாஸ்க்கை மாட்டும்வரை அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம்.

தரையிறங்கிய பிறகும் ஒன்று உண்டு. 18,000 அடிக்கு மேல் அழுத்தமில்லாமல் இருந்தவர்களுக்கு மூட்டுவலி, தோல் அரிப்பு, தலைசுற்றல் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம். களைப்பு என்று விட்டுவிடாமல், விமான மருத்துவம் தெரிந்த டாக்டரிடம் எவ்வளவு உயரத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று சொல்லிக் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை, பயணியாகக்கூட விமானம் ஏறாதீர்கள்.