கமெண்ட்ல கம்பெனிய வறுத்தெடுக்கிறப்போ முதல் போஸ்ட் எப்படி போடுறது

ஏதோ சொதப்பிருச்சு, ஜனங்க கொதிக்கிறாங்க, மேல இருந்து "சீக்கிரம் ஒரு ஸ்டேட்மென்ட் போடு"ன்னு போன் வருதா? டைப் பண்ண உக்காராதீங்க. முதல் வேலை, ஷெட்யூல் பண்ணி வச்ச விளம்பர போஸ்ட் எல்லாத்தையும் நிறுத்துறது. நான் இத மறந்து ஒரு தடவ நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், சர்வர் படுத்து எல்லாரும் திட்டிட்டு இருக்கப்போ எங்க பேஜ்ல "ஜாலியா கொண்டாடுங்க"ன்னு ஒண்ணு தானா போயிருச்சு, அன்னிக்கு பூரா அந்த ஸ்க்ரீன்ஷாட்தான் சுத்துச்சு.

அப்புறம் ஒரு பத்து நிமிஷமாவது கமெண்ட் படிங்க. எத்தன பேர் திட்டுறாங்கன்னு எண்ணாதீங்க, எதுக்கு திட்டுறாங்கன்னு பாருங்க. நிஜமாவே அடிபட்டவன் வேற, மீம் போட வந்தவன் வேற. தப்பு மேல கோபம்னா சரி பண்ணா கொறையும், நீங்க பேசின விதத்து மேல கோபம்னா லேசுல அடங்காது. 2017 ஏப்ரல்ல யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்துல இருந்து ஒரு பயணிய தரதரன்னு இழுத்துட்டு போனாங்க இல்ல, வாய்ல ரத்தத்தோட அந்த மனுஷன உலகமே பாத்தாச்சு, அதுக்கப்புறம் சிஇஓ ஆஸ்கர் முனோஸ் பயணிங்கள "ரீ-அக்காமடேட்" (அதாவது வேற ஏற்பாடு) பண்ண வேண்டி வந்ததுக்கு மன்னிப்புன்னார். அடுத்த நாள் ஒழுங்கா மன்னிப்பு கேட்டும் அந்த ஒத்த வார்த்தை அவர விடல. 2024 ஜூலைல கிரவுட்ஸ்ட்ரைக்குங்கிற சைபர் செக்யூரிட்டி கம்பெனியோட அப்டேட்டால சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் படுத்தப்பவும் இதே கததான், சிஇஓ போட்ட முதல் போஸ்ட்ல இது சைபர் அட்டாக் இல்ல, ஃபிக்ஸ் போயாச்சுன்னு எல்லாம் இருந்துச்சு, சாரி மட்டும் இல்ல.

இப்ப எழுதுங்க. "சிலருக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய சிரமத்திற்கு வருந்துகிறோம்" வேண்டவே வேண்டாம், 'சிலருக்கு'ன்னா நீ ஒருத்தன்தான் கத்துறன்னு அர்த்தம், 'ஏற்பட்டிருக்கக்கூடிய'ன்னா உன்ன நம்பலன்னு அர்த்தம், படிக்கிறவன் அப்படித்தான் எடுத்துப்பான். பதிலா இப்படி: "காலை 9 மணில இருந்து பேமென்ட் போகல. தப்பு எங்க பக்கம்தான், மன்னிச்சிருங்க. காரணம் இன்னும் தெரியல, தேடிட்டு இருக்கோம். 11 மணிக்கு மறுபடி சொல்றோம்." லீகல் டீம் 'தப்பு எங்க பக்கம்'ங்கிறத அடிக்கப் பாப்பாங்க, தப்பு உங்களோடதுதான்னு உறுதியா தெரிஞ்சா சண்ட போட்டாவது வைங்க. 11 மணிக்கு சொல்ல ஒண்ணுமே இல்லாட்டியும் வந்து "இன்னும் முடியல"ன்னு சொல்லிட்டு போங்க.

கமெண்ட டெலீட் பண்ணாதீங்க, எவனாவது ஸ்க்ரீன்ஷாட் வச்சிருப்பான். எல்லாருக்கும் ஒரே பதில காப்பி பேஸ்ட் பண்றதும் அதே அளவு கடுப்பேத்தும்.

காமெடி பண்ணலாமான்னு கேப்பாங்க. 2018ல பிரிட்டன்ல சிக்கனே இல்லாம கேஎஃப்சி கடைங்க மூடினப்போ பக்கெட்ல பேர 'எஃப்சிகே'ன்னு, இங்கிலீஷ் கெட்ட வார்த்தை மாதிரி தெரியுற அளவுக்கு, மாத்திப் போட்டு விளம்பரத்துல மன்னிப்பு கேட்டாங்க, எடுபட்டுச்சு. ஆனா அங்க யாருக்கும் அடிபடல, பசிச்சுது அவ்ளோதான். ஒருத்தருக்கு உடம்புலயோ பர்ஸ்லயோ வலிச்சிருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.