அரிவு வெட்டுக் காலத்தில் ஒருசந்தி இருப்பது எப்படி

வன்னியில் கத்தோலிக்கரான எங்கள் தவக்காலம் பெரும்பாலும் அரிவு வெட்டோடுதான் வரும். வீதியோரம் படங்கு விரித்துப் பெரும்போக நெல் காயப்போடும் நாட்களில்தான் நெற்றியில் விபூதியும் வயிற்றில் பசியுமாக நிற்க வேண்டியிருக்கிறது. எனக்கு 25 வயது. கிளிநொச்சியில் இரணைமடுத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் வயலை அப்பாவுக்குப் பிறகு நானே பார்க்கிறேன். ஏழு வருடம் ஒருசந்தி என்ற நோன்போடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டதை, வெயிலில் வேலை செய்யும் என் வயதுப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் திருச்சபையின் சட்டம். 18 வயது நிறைந்தவர்கள் 59 வயது நிறையும்வரை, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒருசந்தி இருக்க வேண்டும். ஒரு நேரம் வயிறாறச் சாப்பிடலாம். மற்ற இரண்டு நேரமும் சிறிதளவு. 14 வயது நிறைந்தவர்கள் சுத்தபோசனம் காக்க வேண்டும், அதாவது இறைச்சி கூடாது. மற்ற வெள்ளிகளில் ஒருசந்தி கட்டாயமில்லை. நான் விரும்பி இருக்கிறேன். நோயாளிகளும் கர்ப்பிணிகளும் இருக்க வேண்டியதில்லை. சலரோகத்துக்குக் குளிசை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

எனக்குச் சட்டம் கடினமாக இருக்கவில்லை. 2009ஆம் ஆண்டு விபூதிப் புதன் பெப்ரவரி 25இல் வந்தது, பெரிய வெள்ளி ஏப்ரல் 10இல். அந்தத் தவக்காலம் முழுவதும் நாங்கள் இறுதிப் போருக்குள் மாத்தளன் கடற்கரையில் கிடந்தோம். எனக்கு எட்டு வயது. உப்புக் கஞ்சிக்கு வாளியோடு வரிசையில் நிற்பேன். திரும்பி வரும்போது அடியில் கிடக்கும் பருக்கைகளை எண்ணிக்கொண்டே நடப்பேன். 18 வயதில் முதல் ஒருசந்தி இருக்கப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா, “கிடந்த பட்டினி காணாதா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அம்மம்மாவிடம் இருந்தது. சட்டம் அவரை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் ஒருசந்தி நாளில் தன் இரவுச் சோற்றுக்கான அரைச்சுண்டு அரிசியை அளந்து, பழைய பால்மா ரின் ஒன்றில் கொட்டி மூடுவார். “அன்றைக்கு எங்களிடம் இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது, அதனால் எடுத்து வைக்கிறேன்” என்றார். நீங்களும் ரின்னில் இருந்தே தொடங்குங்கள். அரிசியை முதலில் அளந்து வைத்துவிட்டால், பசி வரும்போது அது யாருக்காக என்று தெரியும்.

இனி அந்த நாள். காலையில் ஒரு பிடி பழஞ்சோறு, சின்ன வெங்காயம், உப்பு. பிளேன்ரீ ஒருசந்தியை முறிக்காது. நாளுக்கு ஐந்து கோப்பை குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் தலையிடிதான் வரும், அதைப் பசி என்று நினைத்துக்கொள்வார். மூட்டை தூக்கும் வேலையைப் பத்து மணிக்குள் முடியுங்கள். வயிறாற உண்ணும் நேரத்தை மதியத்துக்கு வையுங்கள்: சோறு, பருப்பு, முருங்கையிலை வறை. மீனுக்குத் தடையில்லை. ஆனால் விளைமீன் வாங்கிப் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு சுத்தபோசனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னேரம் நெல்லைக் கிளறும்போது உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். இரவு ஒரு துண்டுப் பாண் போதும். தலை சுற்றினால் உடனே சாப்பிடுங்கள், அது பாவமில்லை.

வயிற்றைவிட வாய்க்குத்தான் காவல் தேவை. இரண்டாவது வருடம், விபூதிப் புதனுக்கு அடுத்த வெள்ளி. மூன்று மணி. நெல் அள்ள வந்த அக்கா ஒருவர் சற்று இருந்துவிட்டார் என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். கூலியையும் நாளைக்குத் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்று மாலைத் திருப்பலியில் எசாயா 58ஆம் அதிகாரம் வாசித்தார்கள். அந்த வெள்ளிக்கு உரிய வாசகம் அதுதான். நோன்பு நாளிலும் உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள் என்று இறைவாக்கினர் சொல்கிறார். எனக்குத் தலை நிமிரவில்லை. இருட்டில் சைக்கிளை மிதித்துப் போய்க் கூலியைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து ஒருசந்தி நாளில் வேலையாட்களுக்கு என் கையாலேயே சாப்பாடு பரிமாறுகிறேன், பொழுது சாய முன் கூலி கொடுக்கிறேன். மூன்று மணிக்கு வேலையை நிறுத்தி எல்லோரும் நிழலில் இருப்போம். நான் செபமாலையில் பத்து மணிகள் உருட்டிச் சொல்வேன். எரிச்சல் அப்போதும் வரும். வந்தால் படங்கின் அடுத்த முனைக்கு நடந்துவிடுவேன்.

விபூதிப் புதனும் ஏழு வெள்ளிகளும் சேர்த்து எட்டு நாள். எட்டு அரைச்சுண்டு ஒரு கொத்து. அதோடு உங்கள் வயல் அரிசியும் கொஞ்சம் சேர்த்து, பெரிய சனி காலையிலேயே இல்லாத வீடொன்றுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பாஸ்கா ஞாயிறுச் சமையலுக்கு உதவும். வண்டு பிடிக்காமல் இருக்க ரின்னுக்குள் காய்ந்த வேப்பிலை போடுவோம். கொடுக்குமுன் அதைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், சோறு கசக்கும்.