வீட்டு ஷெட்டில் சூப்பர்சார்ஜ்டு கஃபே ரேசர்: எங்கே கோட்டை விடுகிறார்கள்

ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650, இல்லையென்றால் அதே எஞ்சின் உள்ள இன்டர்செப்டர். பின்பக்க ஃபிரேமை அறுத்து ஒற்றை சீட் போட்டு, பெயின்ட் அடித்து, கஃபே ரேசராக முடித்த பிறகு சிலருக்கு அடுத்த ஆசை வருகிறது: எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற ஒரு சூப்பர்சார்ஜர், ஷெட் பாஷையில் புளோயர். ஆசையில் தப்பே இல்லை. 1939-ல் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை ஜார்ஜ் மையர் ஜெயித்ததே சூப்பர்சார்ஜர் வைத்த பிஎம்டபிள்யூவில்தான். போர் முடிந்ததும் பந்தயங்களில் அதைத் தடை செய்துவிட்டார்கள். அதற்கப்புறம் லண்டன் ஏஸ் கஃபே வாசலில் கூடிய பையன்கள் நார்ட்டன் ஃபிரேமில் டிரையம்ஃப் எஞ்சினைப் பொருத்தி ட்ரைட்டன் செய்தார்கள். புளோயர் பக்கம் போனவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் நீங்கள் செய்யப்போவது இரண்டு காலத்தைச் சேர்த்து வெல்டிங் வைக்கிற வேலை.

நட்டை முறுக்காமல் விடுவது, ஒயரை ஹெட்டில் உரசவிடுவது, கிளிப்-ஆன் டேங்கில் இடிக்கிறதா என்று ஹேண்டிலை முழுசாகத் திருப்பிப் பார்க்காதது, இதையெல்லாம் எழுதப்போவதில்லை. அவை தானாகத் தெரிந்துவிடும், செலவும் கம்மி. எஞ்சினைத் தின்கிற தவறுகள் வேறு. நான் ஒரு காலத்தில் செய்ததையே புதுப் பையன்கள் வரிசையாகச் செய்வதைப் பார்க்கிறேன்.

கிடைத்த புளோயரை வாங்குவது

ஜப்பான் சின்னக் கார்களிலிருந்து கழற்றிய ஐசின் ஏஎம்ஆர்500 பழசாகக் கிடைக்கிறது என்றதும் பணத்தைப் போட்டுவிடுகிறார்கள். கணக்கு அதற்கப்புறம். கணக்கோ ரொம்பச் சுலபம். 648 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது அதிகபட்சம் 324 சிசி காற்றை இழுக்கும். ஏஎம்ஆர்500 ஒரு சுற்றுக்கு 500 சிசி தள்ளும். கிராங்க் வேகத்திலேயே சுற்றினாலும் தேவையைப் போல ஒன்றரை மடங்கு. அதாவது கிட்டத்தட்ட அரை பார் பூஸ்ட், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னொரு பாதி. அந்த எஞ்சினுக்கு முதல் முயற்சியில் அதுவே அதிகம். ஆனால் வருகிறவர்கள் கேட்பது, "இன்னும் சின்ன புல்லி போட்டா என்னண்ணா?"

சின்னதாக இல்லை தம்பி, பெரியதாகப் போடு. புளோயர் மெதுவாகச் சுற்றட்டும்.

பூஸ்ட் மீட்டரை நம்புவது

என்னை இன்றைக்கும் கடுப்பேற்றுவது இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மீட்டர் முள் 0.5 பாரைத் தொட்டதும் எல்லோர் முகத்திலும் ஒரே சிரிப்பு. பாதிக் காற்று கூடுதலாகப் போகிறது, ஆகவே 47 குதிரை 70 ஆகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மீட்டர் காட்டுவது அழுத்தத்தை மட்டும். பெட்ரோலை எரிக்க வேண்டியது காற்றின் எடை. இந்த இரண்டுக்கும் நடுவே சூடு உட்கார்ந்திருக்கிறது.

சென்னையில் 35 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால், நஷ்டமே இல்லாத கம்ப்ரசராக இருந்தாலும் 70 டிகிரியைத் தாண்டும். ஏஎம்ஆர்500 மாதிரியான ரூட்ஸ் வகைப் புளோயரின் திறனை 55 சதவீதம் என்று எடுத்தால் வெளியே வருகிற காற்று 100 டிகிரிக்கும் மேல். சூடான காற்று அடர்த்தி குறைந்த காற்று. அழுத்தம் 50 சதவீதம் ஏறியும் உள்ளே போகிற காற்றின் எடை ஏறுவது 22 சதவீதம் பக்கம்தான். புளோயரைச் சுற்றுகிற சக்தியும் அதே எஞ்சினிலிருந்துதான் போகிறது, அதையும் கழித்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றை ஆறவைக்கிற இண்டர்கூலர் வைத்து 55 டிகிரிக்கு இறக்கினால் அதே அரை பாரில் 40 சதவீதம் கிடைக்கும். கஃபே ரேசரின் மெலிந்த உடம்பில் அதற்கு இடம் எங்கே என்கிறார்கள். இடம் இல்லை என்றால் பூஸ்டைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். 0.3 பாரிலேயே காற்று 80 டிகிரியை எட்டிப் பார்க்கும்.

"கவாசாகி ஹெச்2-வில் இண்டர்கூலர் இல்லையே?" இந்தக் கேள்வி தவறாமல் வரும். இல்லைதான். அதில் இருப்பது ரூட்ஸ் கிடையாது. கிராங்கைப் போல 9 மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றுகிற மையவிலக்கு இம்பெல்லர், காற்றை அவ்வளவு சூடாக்காத வடிவமைப்பு. போதாததற்கு, சூட்டை வெளியேற்ற 6 லிட்டர் அலுமினிய ஏர்பாக்ஸ். எல்லாவற்றையும் விட முக்கியம் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது. அதே கம்பெனியின் அதே 998 சிசி இசட்எக்ஸ்-10ஆர் எஞ்சினில் கம்ப்ரஷன் 13-க்கு 1. ஹெச்2-வில் 8.5-க்கு 1. காசு கொட்டி ஆராய்ச்சி செய்கிறவனே முதலில் கம்ப்ரஷனை இறக்கினான். நம் ஆட்கள் 9.5-க்கு 1 உள்ள 650 எஞ்சினை அப்படியே வைத்துக்கொண்டு மேலே அரை பாரை ஏற்றுகிறார்கள். தோராயக் கணக்குக்கு 9.5-ஐ ஒன்றரையால் பெருக்குங்கள். 14-க்கு மேல், அதுவும் 100 டிகிரி காற்றோடு, காற்றால் ஆறுகிற எஞ்சினில்.

இதன் மேல் கம்பெனி ஈசியு, பெட்ரோலையும் பொறியையும் கணக்குப் போட்டுக் கொடுக்கிற கம்ப்யூட்டர். இயற்கையாக மூச்சு விடுகிற எஞ்சினுக்குக் கொடுத்த பிரஷர் சென்சார் வெளிக்காற்று அழுத்தத்தைத் தாண்டி அளக்க வேண்டிய அவசியமே இல்லாதது. பூஸ்ட் வந்ததும் அது உச்சத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஈசியு பழைய கணக்குக்கே பெட்ரோல் தெளிக்கும், பழைய டைமிங்கிலேயே பொறி வைக்கும். முழு ஆக்சிலேட்டரில் 13-க்கு 1 ஆக இருந்த காற்று-பெட்ரோல் கலவை 16-க்கு 1 ஆக வற்றிவிடும். பூஸ்டில் கலவை 12-க்குக் கீழே செழிப்பாகவும், பொறி சில டிகிரி தாமதமாகவும் இருக்க வேண்டிய இடம் அது.

போன வருஷம் ஒரு தம்பி இப்படித்தான் கட்டினான். லேத் வேலை அவ்வளவு அழகு. பிராக்கெட்டைப் பார்த்தால் கம்பெனி அயிட்டம் என்பீர்கள். பெட்ரோலுக்கு மட்டும் "மாட்டினால் போதும், தானே சரிசெய்துகொள்ளும்" என்று யாரோ விற்ற ஒரு பெட்டி. ஷெட்டில் ஸ்டாண்டு போட்டு முறுக்கினான், ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. லோடு இல்லாமல் ஆக்சிலேட்டர் கொஞ்சம்தான் திறக்கும், பூஸ்டே வராது. சனிக்கிழமை ரோட்டில் கொஞ்சம் ஓட்டிவிட்டு, ராத்திரி பிளக்கைக் கழற்றிப் படம் அனுப்பினான். "எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்கண்ணா."

படத்தைப் பெரிதாக்கினேன். பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன் நுனியில் மிளகுப் பொடி தூவியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். இரண்டு மூன்று புள்ளி டார்ச் வெளிச்சத்தில் மின்னின. கரி மின்னாது. அது பிஸ்டன் தலையிலிருந்து பெயர்ந்து வந்த அலுமினியம். "வண்டியை எடுக்காதே" என்று பதில் போட்டேன். அவன் அதைப் படித்தது ஞாயிற்றுக்கிழமை மதியம், ஈசிஆர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு. கோவளம் தாண்டியதும் இழுவை செத்து, பிரீதர் குழாயில் எண்ணெய் கக்கியிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் ஒரு பிஸ்டனில் மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவிலுள்ள விளிம்பு துண்டாக உடைந்திருந்தது. உடைந்த துண்டு போரையும் கீறியிருந்தது. நாக்கிங்கில், அதாவது கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிப்பதில், அடிவாங்கிய பிஸ்டன் பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

எனக்கு ஆறாதது பிஸ்டன் போனது இல்லை. வண்டி முந்தின நாளே எழுதிக் கொடுத்துவிட்டது, அதைச் சுத்தம் என்று வாசித்தான் பாருங்கள், அதுதான். "நாக்கிங் சத்தம் கேட்டா நிறுத்திடலாம்னு இருந்தேன்" என்றான். புளோயரின் ஊளை, பெல்ட்டின் சீறல், வெறும் குழாயாக விட்ட சைலன்சர், தலையில் ஹெல்மெட். இதற்கு நடுவில் எந்தக் காது கேட்கும்?

செலவு செய்கிற வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். புளோயர், புல்லி, பாலிஷ் போட்ட பைப், பூஸ்ட் மீட்டர், கடைசியில் காசு மிஞ்சினால் டியூனிங். முதலில் வாங்க வேண்டியது, சைலன்சர் புகையை வைத்துக் கலவையை அளக்கிற வைட்பேண்ட் சென்சார். அதைப் புளோயர் இல்லாத வண்டியிலேயே மாட்டி, ஸ்டாக் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். மீட்டரை லேம்டா கணக்கில் வையுங்கள், கச்சிதமான கலவை என்றால் 1 காட்டும், செழிப்பானால் அதற்குக் கீழே போகும். கச்சிதமான கலவை 14.7-க்கு 1 என்பது சுத்தப் பெட்ரோலுக்கான எண். பங்க்கில் இப்போது ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்தது, அந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. பூஸ்டில் லேம்டா 0.8-ஐ ஒட்டி இருக்கட்டும். அடுத்தது, பெட்ரோல், டைமிங் அட்டவணையை (மேப்) நாமே எழுதக்கூடிய ஈசியு, அதோடு 2 பாருக்கு மேல் அளக்கிற பிரஷர் சென்சார், பெரிய இன்ஜெக்டர். புளோயருக்குப் பின்னால் ஒரு காற்றுச் சூடு சென்சார். பிறகு கம்ப்ரஷன் குறைந்த பிஸ்டன். பொறியை எவ்வளவு தாமதப்படுத்துவது என்றால், பூஸ்டில் ஒரு பிஎஸ்ஐக்கு (சுமார் 0.07 பார்) ஒரு டிகிரி என்று ஆரம்பித்து, வண்டியை உருளை மேல் ஓட்டி அளக்கிற டைனோவில் ஏற்றித் திருத்திக்கொள்ளுங்கள். புளோயர் இதற்கெல்லாம் அப்புறம்.

பிஸ்டன் செலவுக்குப் பயந்து சிலிண்டருக்கு அடியில் தகடு வைத்துக் கம்ப்ரஷனை இறக்குகிறவர்கள் உண்டு. இந்த எஞ்சினில் கேம் தலையில் இருக்கிறது. சிலிண்டர் உயர்ந்தால் டைமிங் செயின் நீளமும் கேம் டைமிங்கும் சேர்ந்து மாறும். பிஸ்டன் தலைக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய நெருக்கமும் போகும். நாக்கிங்கைத் தடுப்பதில் அந்த நெருக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆக்சிலேட்டரை மூடினால் காற்று எங்கே போகும்?

கம்பெனி திராட்டில் பாடியை அதன் இடத்திலேயே விட்டு, புளோயரை அதற்கு முன்னால் வைப்பதுதான் வீட்டில் கட்டுகிறவர்களின் வழக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 6,000 ஆர்பிஎம்மில் சட்டென்று ஆக்சிலேட்டரை மூடினால் முன்பக்கம் கதவு சாத்திவிட்டது, பின்னால் புளோயர் மட்டும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ரூட்ஸ் புளோயருக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. ஹோஸ் கிளாம்பிலிருந்து கழன்று பறக்கும், இல்லையென்றால் பெல்ட் பல் தாண்டும். கிளாம்பை இன்னும் இறுக்கி ஹோஸைக் காப்பாற்றியவர் ஒருவரைத் தெரியும். அடுத்த தடவை பிளீனத்தின், அதாவது புளோயருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள காற்றுப் பெட்டியின், வெல்டிங் பிளந்தது.

இன்டேக் வெற்றிடத்தில் திறக்கிற பைபாஸ் வால்வு ஒன்று போதும், காற்று புளோயரின் வாய்க்கே திரும்பிப் போய்விடும். ஐட்லிங்கில் சூடும் குறையும்.

பிவிசி பைப்

வேண்டாம். 80 டிகிரியில் இளகும் பொருள் அது. மேலே சொன்ன காற்றுச் சூட்டை இன்னொரு தடவை பாருங்கள்.

பெல்ட்

இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஸ்டீல் ஸ்கேலை வைத்து நேர் பார்ப்பது எல்லோருக்கும் தெரிகிறது. அதை எஞ்சின் நிற்கும்போது பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். புளோயரை ஃபிரேமில் தொங்கவிட்டு, டிரைவை எஞ்சினிலிருந்து எடுத்தால் ரோட்டில் ஃபிரேம் ஒரு பக்கம் முறுக்கும், எஞ்சின் இன்னொரு பக்கம் அதிரும். பெல்ட்டின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து வருவது அதன் அடையாளம். பிராக்கெட் முழுவதும் எஞ்சின் கேஸிலேயே உட்கார வேண்டும், குறுக்கே ஒரு முட்டுக் கம்பியும் வேண்டும்.

இதைவிட மோசம், கிராங்க் நுனியில் உள்ள மேக்னட் போல்ட்டை நீளமாக்கி அதன் நுனியில் புல்லியை மாட்டுவது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பெல்ட் ஒரே பக்கமாக இழுக்கும். கிராங்க் பேரிங் அந்த இழுப்புக்குச் செய்ததே இல்லை. மூடிக்கு வெளியே ஒரு பேரிங் வைத்துத் தண்டின் நுனியைத் தாங்குங்கள். லேத்காரர் தேவையில்லை என்பார். அவருக்கு எஞ்சின் கிராங்க் மோட்டார் தண்டு மாதிரிதான் தெரியும்.

கிளட்ச்

நழுவும். ஸ்பிரிங்கை முதலிலேயே மாற்றுங்கள்.

பழைய புல்லட்டில் போடலாமா?

போடலாம், கம்ப்ரஷன் குறைவு என்பது அதற்கு ஒரு வரம். ஆனால் ஒற்றை சிலிண்டர். கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் அது மூச்சு இழுக்கும், புளோயரோ நிற்காமல் தள்ளும். நடுவில் அந்தக் காற்று தங்க இடம் வேண்டும், எஞ்சின் கொள்ளளவைப் போலப் பல மடங்கு. கையகலத்தில் பிளீனம் செய்துவிட்டு, முள் ஏன் இப்படித் துள்ளுகிறது என்று மீட்டரைக் குறை சொல்கிறார்கள்.

கார்புரேட்டரைப் புளோயருக்கு முன்னால் வைத்தால் அந்த இடம் முழுக்கப் பெட்ரோல் ஆவி நிற்கும். ஒரு பின்வெடி போதும். அழுத்தம் எகிறினால் திறந்து வெளியே விடுகிற, ஸ்பிரிங் வைத்த பாப்-ஆஃப் வால்வு இல்லாமல் கிக்கரை உதைக்காதீர்கள். புளோயருக்குப் பின்னால் வைத்தால் ஃப்ளோட் பவுலுக்கும் அதே பூஸ்ட் அழுத்தம் குழாய் வழியாகப் போக வேண்டும், பெட்ரோல் பம்பும் அதற்கு மேல் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் பூஸ்ட் வந்த நொடியில் பெட்ரோல் ஜெட்டுக்கு ஏறாது.

பிரேக்

எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் இதைச் சரிசெய்யுங்கள்.

ஆர்சி புத்தகம்

இதைக் கடைசியில் யோசிக்கிறவர்களே அதிகம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. டேங்குக்குக் கீழே பெல்ட் சுற்றும் வண்டியை எந்த இன்ஸ்பெக்டரிடமும் ஒளிக்க முடியாது. இன்சூரன்ஸ்காரர் அதைவிடக் கூர்மையாகப் பார்ப்பார். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் டிராக் நாட்கள் நடக்கின்றன. குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுபோங்கள். பதிவான வண்டியை அறுக்காமல், பழைய ஃபிரேமையும் ஏலத்தில் வந்த எஞ்சினையும் தனியாக வாங்கி டிராக்குக்கு என்றே கட்டினால் ஆர்டிஓ தலைவலியே இல்லை. எஞ்சின் வாங்கிய பில்லை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.